கிண்ணியாக் கரையில் ஒரு போட் பட்டறை: நான்கு நட்சத்திரம்

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிக் கரைப்பக்கம் திரும்பி, பைபர் ஒட்டும் ரெசின் பசையின் நெடி மூக்கில் ஏறும் இடத்தில் நின்றால் ஒரு தகரக் கொட்டில் தெரியும். அதுதான். நான்கு பக்கமும் திறப்பு. நடுவில் கவிழ்த்துப் போட்ட இரண்டு பைபர் படகுகள், ஒரு மூலையில் பழைய எஞ்சின்களின் எலும்புக்கூடுகள், இன்னொரு மூலையில் கட்டிப் போட்ட ஆடு. நடத்துபவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்தமாகப் படகு இல்லை. அப்பா திருக்கடலூரில் கடல்தொழில் செய்தவர். நான் அரச அலுவலகத்தில் கோப்புக் கட்டுகிறவன். கடலைப் பற்றி வாய் நிறையக் கதைப்பேன், கயிற்றை இழுத்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடும். முல்லைத்தீவில் இருக்கும் என் மனைவியின் தம்பி திருகோணமலையில் ஒரு பழைய படகு வாங்கினார். இருபத்து மூன்று அடி நீளம், 25 குதிரைவலு மண்ணெண்ணெய் யமஹா எஞ்சின். ஊருக்குக் கொண்டுபோக லொறிக்காரர் கேட்ட கூலியைக் கேட்டதும் மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அத்தான், இந்தக் காசுக்கு எண்ணெய் அடிச்சு நாங்களே ஓட்டிக்கொண்டு போயிடலாம். நீங்களும் வாங்கோ” என்றார். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் இதற்குத் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆட்டினேன். மூன்றாவது ஆள் மச்சானின் மகன், எனக்கு மருமகன் முறை, பத்தொன்பது வயது.

திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவுக்குக் கடலால் ஏறத்தாழ 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பெரிய கப்பல்காரனுக்கு இது தேநீர் குடிக்கும் தூரம். திறந்த பைபர் படகில் மூன்று பேருக்கு அப்படி இல்லை.

நானா படகைப் பார்க்க வந்தபோது எஞ்சின் பக்கம் திரும்பக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்து, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, தொடங்கி உடம்பு முழுவதும் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக் என்று கெட்டியாக வந்த சத்தம், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் டொப், டொப் என்று மாறியது. “கேட்டீங்களா தம்பி? வெளியில பெயின்ற் அடிச்சிரிக்கு. உள்ள பலகை செத்துப் போச்சு.”

நம்பாமல் நின்ற மச்சானுக்காக ஒரு துளை போட்டுக் காட்டினார். துளைக் கம்பியோடு வெளியே வந்தது மரத்தூள் இல்லை, குடித்து முடித்த கோப்பித் தூள் மாதிரி ஈரமான ஒரு கறுப்புச் சேறு. பின்பலகை என்பது இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே வைத்த ஒட்டுப்பலகை. முன்பு வைத்திருந்தவர் எஞ்சினைப் பூட்டிய ஆணித் துளைகளைப் பசை வைத்து அடைக்கவில்லை. தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சின், அதன் உந்துதல், அலையில் விழும் அடி எல்லாவற்றையும் தாங்கி நின்றது வெளித்தோல் மட்டும்தான். நடுக்கடலில் எஞ்சின் பின்பலகையோடு கழன்று போயிருந்தால் அந்த ஓட்டை வழியாகப் படகு நிரம்ப நேரம் எடுக்காது. மச்சான் படகை வாங்கும்போது பார்த்தது பெயின்ற்றை. நானும் பக்கத்தில் நின்று “நல்ல கலர்” என்று சொன்னவன்.

வேலை சுத்தம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்தோலை அறுத்தெடுத்து, அழுகியதைக் கடைசித் துகள் வரை சுரண்டி, கூட்டை நான்கு நாள் காயவிட்டார்கள். மரைன் ஒட்டுப்பலகையை அளவாக வெட்டி, இரண்டு அடுக்காக ரெசினில் தோய்த்து வைத்து, இறுக்கிகளால் ஒரு இரவு முழுக்க அழுத்தி வைத்தார்கள். அடிப்பக்கம் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த வெடிப்புகள் ஏழோ எட்டோ இருந்தன. வெடிப்பின் மேலே ஒரு துண்டு மேட்டை (கண்ணாடி நார் விரிப்பை) ஒட்டிவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு வெடிப்பையும் சுற்றிச் சாய்வாக, தட்டுப் போல அகலமாக அரைத்தெடுத்தார்கள். “பழசும் புதுசும் ஒண்ட ஒண்டு பிடிக்கிறதுக்கு இடம் வேணும் தம்பி. இல்லாட்டி பிளாஸ்டர் ஒட்டின மாதிரித்தான், ஒரு நாளைக்குக் கழண்டு போகும்.” அதன்மேல் அசிற்றோன் துடைப்பு, சின்னத் துண்டு மேட், அதைவிடப் பெரியது, அதைவிடப் பெரியது.

ரெசின் வேலை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைதான். அதற்குப் பிறகு வெயில் ஏறினால், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் கலவை கோப்பைக்குள்ளேயே சூடாகிக் கல்லாகிவிடும். வேறு பட்டறைகளில் கண் அளவுக்கு ஹார்ட்னர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நானா ஊசிக் குழாயால் மில்லி கணக்கில் எடுக்கிறார். பட்டறைப் பெடியன் ஒருவன் கண் அளவில் ஊற்றப் போனபோது அவர் போட்ட சத்தத்தில் ஆடு எழுந்து நின்றது.

இனிக் குறை. ஏழு நாள் என்றார். பதினேழு நாள் ஆனது. ஒரு இலட்சத்து 40 ஆயிரம் என்றார். ஒரு இலட்சத்து 78 ஆயிரம் வந்தது. கூடிய ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, அது வேறு கதை. ஆனால் காரணம் எல்லாம் வேலை முடிந்த பிறகுதான் வாயிலிருந்து வரும். தொலைபேசியில் கேட்டால் “நாளைக்கு வாங்களேன்” என்பார். நாளைக்குப் போனால் வேறொருவரின் வள்ளத்துக்கு அடியில் படுத்திருப்பார். விலையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தருவார், கேட்டால்தான் தருவார்.

அந்தப் பதினேழு நாளில் நான் ஒன்பது தடவை அங்கே போய்க் கொட்டியாரக் குடாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகு திருத்த வந்து இந்தக் குடாவில் மாட்டிக்கொண்டவன் நான் மட்டுமில்லை. 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை வெட்டித் தள்ள வேண்டிவந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புது மரம் நாட்ட இங்கேதான் வந்தது. அதில் வந்த ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் மற்றவர்களும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் நொக்ஸ் தப்பிப் போனது 1679இல். பதினேழு நாளுக்கே நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

படகை நிமிர்த்தியதும் அடுத்த சோதனை. இருக்கைகளுக்குக் கீழே மூடிய பெட்டிகள் இருக்கும். படகு தண்ணீரால் நிரம்பினாலும் மிதக்க வைப்பது அவைதான். ஒவ்வொன்றையும் நானா தட்டிப் பார்த்தார், இரண்டில் தண்ணீர் குலுங்கியது. மிதக்க வைக்க வேண்டிய பெட்டி தானே நாலு வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. வடித்து, காயவைத்து, நுரை அடைத்து மூடினார். பிறகு இடுப்பளவு ஆழத்தில் படகை இறக்கி, எஞ்சின் எடைக்கு ஈடாகப் பின்பக்கம் மணல் மூட்டை வைத்து, நல்ல படகை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பச் சொன்னார். மச்சானுக்கு அழுகை வராத குறை. விளிம்பு மட்டும் தெரிய, படகு சாயாமல் அப்படியே நின்றது. நாங்கள் மூவரும் விளிம்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். தாழவில்லை. “சரி. இனி ஒங்கட பாரம் தாங்கும். இப்ப எறைங்க” என்று மூன்று பட்டைகளைத் தூக்கிப் போட்டார். இறைக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் போனது.

இடையில் சாமான் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். பட்டணத்தில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனேன்; பெயர் வேண்டாம். நங்கூரக் கயிறு என்று கேட்டதற்கு நீல நிறப் பொலிக் கயிறு ஒரு கட்டு தந்தார்கள். நானா அதைப் பார்த்துவிட்டு ஆட்டைக் கட்ட வைத்துக்கொண்டார். அந்தக் கயிறு தண்ணீரில் மிதக்கும், மேலே மிதக்கும் கயிறு அடுத்த படகின் எஞ்சின் விசிறியில் சுற்றும். வெயிலில் சீக்கிரம் நார் நாராகும். நங்கூரத்துக்கு நைலோன்தான். அது இழுபடும், அலை தூக்கும்போது அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். நங்கூரத்துக்கு மேலே இரண்டு பாகம் (ஏறத்தாழப் பன்னிரண்டு அடி) சங்கிலி, ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு. அதே கடையில் நல்ல நைலோனும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைவிட மோசம் லைஃப் ஜாக்கெட். செம்மஞ்சள் நிறம், பளபளப்பு, முதுகில் ஆங்கில எழுத்து. மூன்று வாங்கினேன். நானா உட்பக்கத்தைப் புரட்டி எதையோ தேடினார். நல்ல ஜாக்கெட்டில் எத்தனை நியூட்டன் மிதப்பு என்று போட்டிருக்குமாம். 50 என்றால் நீந்தத் தெரிந்தவன் கரைக்குப் பக்கத்தில் போடுவது. 150 என்றால் மயங்கிக் கிடப்பவனையும் முகம் மேலே இருக்கும்படி புரட்டிப்போடப் பார்க்கும். எங்களுடையதில் எண்ணே இல்லை. “போட்டுக்கிட்டுப் பாயுங்க பாப்பம்” என்றார். மருமகன் பாய்ந்தான். ஜாக்கெட் காதுவரை ஏறி அவன் உள்ளே தொங்கினான், கவட்டுக்குள்ளால் போகும் பட்டி இல்லாததால். என்னுடையதில் தையல் விட்டு ஒரு பக்கத்து வார் கையோடு வந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனேன். நனைந்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். லைஃப் ஜாக்கெட் நனைந்துவிட்டதாம்.

கடைசியில் உப்புவெளியில் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகும் சிநேகிதனிடம் நல்லதாக மூன்றும், கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்றும் இரவல் வாங்கினேன். ரேடியோவில் 16ஆம் அலைவரிசை ஆபத்துக்கு என்று முன்பே தெரியும். அதில் கதைக்கும்போது முதலில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும், மற்ற ஒப்பாரியெல்லாம் அதற்குப் பிறகு என்பதை நானாதான் சொல்லிக்கொடுத்தார்.

ஜாக்கெட் விஷயத்தில் அவர் ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும் இறந்த ஊர் இது. “அண்டைக்கு நான் கரையில நிண்ட” என்றார். பிறகு தூரிகையைத் தின்னரில் கழுவத் தொடங்கிவிட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்தப் பட்டறைக்கு நான் நட்சத்திரம் கொடுப்பது பைபர் வேலைக்காக மட்டுமில்லை. படகு முடிந்த அன்று காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். வாங்கவில்லை. “போட் ரெடி. நீங்க ரெடியா எண்டு பாக்கணும்” என்றார். மச்சான் இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். அவருக்குச் சுருக்கென்றது. “நானா, நான் பிறந்ததே கடற்கரையில.” “தெரியும் மகன். ஒங்கட அத்தான் எங்க பிறந்த?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

குடாவுக்குள் காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை ஆறு மணித்தியாலம் வைத்து வாட்டினார். முதலில், கேட்காமல் கொள்ளாமல், என்னைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். உண்மையாகவே தள்ளினார். மருமகனின் வேலை என்னை விட்டுக் கண் எடுக்காமல் விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டே நிற்பது. அலையில் ஒரு தலை என்பது தேங்காய் மாதிரி, ஒரு கணம் பார்வை போனால் போனதுதான். மச்சான் படகைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து, நான் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடும் விசிறிக்குப் பக்கத்தில் ஆளை இழுக்கக் கூடாது. இதுவரை சரி. தூக்குவதில்தான் வந்தது வினை. நான் 84 கிலோ. நனைந்த சாரமும் ஜாக்கெட்டுமாக அதற்கும் மேலே. இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்தார்கள், படகு சாய்ந்ததே தவிர நான் ஏறவில்லை. இரண்டாம் தடவை என் சாரம் போய்விட்டது. மூன்றாம் தடவை நானா ஒரு கயிற்றில் வளையம் போட்டு விளிம்பில் கட்டித் தொங்கவிட்டார். வளையத்துக்குள் காலை வைத்து மிதித்தேன், ஏறிவிட்டேன். ஒரு சல்லி செலவில்லாத சாமான். இப்போது அது அந்தப் படகில் நிரந்தரமாகக் கட்டியிருக்கிறது.

எஞ்சின் ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் சுருள் வார் ஒன்று உண்டு. ஆள் விழுந்தால் வார் இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். மச்சான் அதை மாட்டியதே இல்லையாம், வாங்கிய அன்றே கழற்றி வைத்துவிடுவாராம். நானா ஒன்றும் சொல்லாமல் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து, முழு வேகத்தில் கைப்பிடியை விட்டுக் காட்டினார். படகு தானாகத் திரும்பி வட்டம் போட்டு, நாங்கள் வந்த இடத்துக்கே வந்தது. அங்கே ஒரு ஆள் விழுந்து கிடந்திருந்தால் அவர்மேலேதான் வந்திருக்கும். மச்சான் கையை நீட்டி வாரை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அப்புறம் எஞ்சின். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வந்து காபுரேற்றரைக் கழுவ வேண்டும். இது மச்சானுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. “அவருக்குக் காய்ச்சல் வந்தா?” என்று நானா என்னையே பதினைந்து தடவை தொடங்கி நிறுத்த வைத்தார். எஞ்சின் பக்கத்தால் ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போவது போல விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் குளிர்த் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்து. அந்தத் தாரை என் பொறுப்பு. உள்ளே அந்தத் தண்ணீரை ஏற்றும் ரப்பர் விசிறியைப் புதிதாக மாற்றியிருந்தார். கியர் எண்ணெயை வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் காட்டினார். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறதாம்; எங்களுடையது தெளிவாக இருந்தது. ப்ளக் கழற்றி மாட்டுவதை மருமகனுக்குக் கண்ணைக் கட்டிச் செய்ய வைத்தார். அவனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது, மூன்றாம் தடவை ஒரு நிமிடத்துக்குள் முடித்தான்.

கடைசியாக ஒரு தார்ப்பாய்க் கூம்பு. வாயில் வளையம், நாலு கயிறு. இது எதற்கு என்று கேட்டேன். திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கரையை விட்டு அதிகம் போகாமலே நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் வந்துவிடும். அங்கே ஐம்பது மீற்றர் நங்கூரக் கயிறு என்ன செய்யும்? இந்தக் கூம்பை அணியத்தால் போட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி வைக்கும், இழுபடுவதும் குறையும். நாங்கள் போன வைகாசியில் காற்று கச்சான். எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரை ஓரத்தில் அலையை எழுப்பாது, அதனால்தான் எல்லோரும் கடல் அமைதி என்கிறார்கள். எஞ்சின் நின்றால் அதே காற்றுத்தான் ஆளை வெளியே கொண்டுபோகும். வாடைக் காலத்தில் அலை கரைக்கு எறியும், கச்சான் காலத்தில் கரை விலகும். அப்பா இதைச் சொல்லியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

எண்ணெய்க் கணக்கும் அன்றைக்கே போட்டோம். ஒரு மணித்தியாலம் ஓட்டும் வேகத்தில் ஓடி, திரும்ப நிரப்பிப் பார்த்தால் ஒன்பது லீற்றர். பத்து நொட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்தில் ஐந்து மணித்தியாலம், 45 லீற்றர். “எண்பது கொண்டு போங்க” என்றார். மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதை இன்னும் மறக்காத மச்சான் வாயைத் திறந்தார். நானா கையைக் காட்டினார். மூடிக்கொண்டார்.

சாப்பாட்டுப் பக்கம் என் மனைவியின் ஆட்சி. ரொட்டியும் கட்டச் சம்பலும், அவித்த முட்டை, பிஸ்கட், ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், நான்கு ஜீவனிப் பக்கற் (உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் தூள்), என்னுடைய பிரஷர் மாத்திரை. மீன்பிடி அலுவலகத்திலும் கடற்படையிலும் படகின் இலக்கம், ஆட்கள், புறப்படும் நேரம் எழுதிக் கொடுத்தோம். அதே விபரத்தை வீட்டில் நாட்காட்டியிலும் எழுதினேன். பகல் ஒரு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதோடு.

காலை ஐந்தே காலுக்குத் திருக்கடலூர்க் கரையிலிருந்து வெளிக்கிட்டோம். கோணேசர் கோயில் மலை பின்னால் கறுப்பாக நின்றது, மணிச் சத்தம் கேட்டது. நிலாவெளிக்கு நேரே வரும்போது விடிந்துவிட்டது. புறாமலைக்கு வெளியே ஓரிடத்தில் கடல் பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு வெள்ளைத் தூண் எழும்பி அடங்கியது. திமிங்கிலம். மருமகன் தொலைபேசியை எடுப்பதற்குள் போய்விட்டது. குச்சவெளி வரை எல்லாம் கல்யாண ஊர்வலம்.

குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் நடுவில் எஞ்சின் இருமத் தொடங்கியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நின்றது. தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை இருக்குமே, அதை மச்சான் அமுக்கினார். அது கல்லாக வேண்டும். வாழைப்பழம் மாதிரி அமுங்கிக்கொண்டே இருந்தது. கழுத்தில் ஒரு மயிர் வெடிப்பு, அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. எஞ்சின் எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடித்திருக்கிறது. மணி எட்டே முக்கால், கச்சான் எழும்ப ஆரம்பித்துவிட்டது.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியம். மருமகன் கூம்பைப் போட்டான். படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான் ரேடியோவைத் திறந்து வைத்து, தொலைபேசியில் நாங்கள் நின்ற இடத்தின் எண்களைத் தாளில் எழுதினேன். நானா தந்த உபரிப் பெட்டியில் ப்ளக், கொட்டர் பின், தொடக்கும் கயிறு இவற்றோடு ஒரு முழம் பழைய சைக்கிள் டியூப் இருந்தது. புறப்படும்போது அதைப் பார்த்து மச்சான் சிரித்தவர். அதைக் கீறி, உருண்டையின் கழுத்தைச் சுற்றி இறுக்கி, இரண்டு கேபிள் டை போட்டார். அமுக்கினார். கல்லானது. நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. இருபத்தைந்து நிமிடத்தில் நாங்கள் ஏறத்தாழ அரைக் கடல் மைல் வெளியே போயிருந்தோம், அதுவும் கூம்பு போட்டிருந்து.

கொக்கிளாய், நாயாறு எல்லாம் எனக்கு நினைவில் இல்லை. நான் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டுக்குச் சற்று முன் முல்லைத்தீவில் கரை பிடித்தோம். செலவானது 54 லீற்றர்.

வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். “எண்ணெய்க் குழாய், உருண்டையோடு, புதிது: 9,500.” குழாய் புதிது. உருண்டை பழையது. ஐந்தாவது நட்சத்திரம் போன இடம் அதுதான். அலுவலகத்தில் முப்பது வருடம் பற்றுச்சீட்டுப் பார்த்தவன் கரையிலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து.

அழைத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “பெடியன் குழாய மட்டும் மாத்தியிரிக்கான். நான் அமுக்கிப் பாக்கல்ல. என்ட பிழை தம்பி. மூணு பேரும் சுகமா?” என்றார். காசைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து முல்லைத்தீவு பஸ்ஸில் நடத்துனர் கையில் ஒரு பொதி வந்தது. உள்ளே புது உருண்டை இரண்டு, கிளிப் நாலு, இன்னொரு முழம் சைக்கிள் டியூப்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பகல் பட்டறை பூட்டு. காலை ஒன்பதுக்கு முன் போனால் கை ரெசினில் இருக்கும், கதைக்க மாட்டார். பத்துக்குப் பிறகு போங்கள். விலையை எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் படகில் தொட்டுப் பாருங்கள், உருண்டையை அமுக்கிப் பாருங்கள். உங்களைத் தண்ணீருக்குள் தள்ளுவார், மாற்றுச் சாரம் ஒன்று கொண்டு போங்கள். ஆட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டாம்.